லைற் அடித்தால் போகலாம்

பயம் என்பது மற்றவர்களுக்கு வருகிற ஒரு நோய் வருத்தம், தனக்கு அது வராது என்றுதான் நவரத்தினம் நெடுங்காலமாக நினைத்துக்கொண்டிருந்தார். லண்டன் நோர்பரியில் அவரைத் தெரிந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். நினைக்காமல் என்ன செய்வது? கொடிகாமத்திலிருந்து கொழும்புக்குத் தேங்காய் லொறி ஓட்டிய மனுசன். பிறகு பாரிஸில் லா ஷப்பல் பக்கம், பின்னால் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, மழை பனி பாராமல் மொபெட்டில் ஓடித் திரிந்த மனுசன். அதன் பிறகு லண்டனுக்கு வந்து தமிழ்க்கடைகளுக்கு மரக்கறி வான் ஓட்டினார். மூன்று நாட்டு ரோட்டையும் தின்று ஏப்பம் விட்டவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். சொல்லும்போது கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்துவார்.

அவருடைய பெருமைகளில் பெரிய பெருமை, மூன்று நாட்டு 'லைற் பாஷை' தெரியும் என்பது. எங்கே விருந்துக்குப் போனாலும் இந்தக் கதையை அவிழ்த்து விடாமல் எழும்ப மாட்டார். ஊரில் எதிரே வருகிற பஸ்காரன் லைற் அடித்தால் 'நான் வாறன், விலத்து' என்று அர்த்தம். விலத்தாவிட்டால் அடுத்த நாள் செத்தவீடு. பாரிஸில் லைற் அடித்தால் உன் பரம்பரையையே திட்டுகிறான் என்று அர்த்தம். லண்டனில் மட்டும்தான் லைற் அடித்தால் 'நீங்கள் முதலில் போங்கோ' என்று அர்த்தம். வெள்ளைக்காரனுடைய மரியாதையைப் பாருங்கள் என்று சொல்லி முடித்துவிட்டு, இன்னொரு பற்றிஸை எடுத்துக் கடிப்பார்.

இப்படிப்பட்ட ஆளிடமிருந்து ரோட்டைப் பறித்தது அவருடைய கண். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பக்கத்துப் பார்வையை ஓசையில்லாமல் அரித்துவிட்டது. நேரே பார்த்தால் எதிரே நிற்கிற ஆளின் முகம் தெரியும். அந்த ஆளுக்குப் பக்கத்தில் நிற்பவன் தெரியமாட்டான். இனி வாகனம் தொடக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். லைசென்சைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. மடக்குகிற வெள்ளைத்தடி ஒன்றையும் கொடுத்துவிட்டிருந்தார்கள். அதைக் கோட்டுப் பைக்குள் வைத்தவர் ஒரு நாளும் வெளியே எடுத்ததில்லை. குருடன் என்று ஊர் சொல்லக்கூடாதாம்.

அவருடைய மனைவி தவமலர் வீட்டிலேயே ரோல்ஸ், பற்றிஸ், வடை போடுகிறவர். நோர்பரியிலும் பக்கத்து ஸ்ட்ரெதமிலும் அவருடைய ரோல்ஸுக்காகவே காலையில் கடை வாசலில் காத்து நிற்கிற சனம் உண்டு. சுடச்சுடக் கொண்டுபோய்க் கொடுத்தது இவ்வளவு காலமும் நவரத்தினத்தின் வான்தான். அது போனபின் தவமலர் பஸ்ஸில் தட்டுகளோடு ஏறிப் பார்த்தார். குழந்தை வண்டிகளுக்கும் பள்ளிக்கூடப் பைகளுக்கும் நடுவில் ரோல்ஸ் எல்லாம் நசிந்து சம்பலாகிப் போயின. கார் பழகுவதென்றால் லைசென்ஸ் சோதனைக்கு இடம் கிடைப்பதற்குள் கடைக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள். ஒரு நாள் பயிற்சி எடுத்து, பழகுகிறவர் என்று காட்டும் சிவப்பு 'எல்' தகடு பூட்டிக்கொண்டு ஓடக்கூடியது மொபெட் ஒன்றுதான், அதையே வாங்கினார்கள். கொடிகாமத்தில் சங்கக்கடைக்கு வேலைக்குப் போன காலத்தில் தவமலர் சாலி என்கிற சின்ன மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். அந்தக் கை மறக்கவில்லை.

கை மறக்கவில்லைதான், ஆனால் பயமும் மறக்கவில்லை. கண்டி ரோட்டில் எதிரே பஸ் லைற் அடித்தால் தவமலர் சாலியோடு ரோட்டுக்கரைக் கிரவலில் இறங்கி நின்றுவிடுவார். லண்டனிலும் அதே கதைதான். யாராவது லைற் அடித்தால் உடனே பிரேக் பிடித்துக் காலை ஊன்றிவிடுவார். அவன் போகச் சொல்லி நிற்பான், இவர் அவனைப் போகச் சொல்லி நிற்பார், பின்னால் நிற்பவர்கள் ஹோர்ன் அடித்துத் தள்ளுவார்கள். நவரத்தினத்துக்கு மனைவியைப் பிடிக்கும், அதைவிட மனைவியைப் பகிடி பண்ணப் பிடிக்கும். பயந்தாங்கொள்ளி என்பது அவர் தவமலருக்கு வைத்த செல்லப்பெயர். ஒவ்வொரு காலையிலும் கேற்றடியில் நின்று, பெட்டி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு, போய்வரும்படி ஒரே வசனத்தைச் சொல்லி அனுப்புவார்.

"பயப்பிடாமல் போட்டு வாரும்."

அதற்குப் பிறகு அவருக்கு வேலை இல்லை. மொபெட் சத்தம் தெரு முனையில் திரும்பி மறையும்வரை நிற்பார். பிறகு உள்ளே போய் றேடியோவோடு உட்கார்ந்துவிடுவார். வாழ்நாள் முழுக்க ஓடிய மனுசனுக்குச் சோபாவில் இருப்பது பெரிய தண்டனை. அவருக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. மொபெட்டின் பின்சீற்றில் ஏறி, மனைவியோடு கடை கடையாகப் போய்வர வேண்டும். எல் தகட்டோடு ஓடுகிறவர் பின்னால் ஆளை ஏற்றக்கூடாது என்பது சட்டம். முழு லைசென்ஸ் எடுத்தால் ஏற்றலாம். அதற்கு முதலில் ரோட்டுச் சட்டங்களைக் கேட்கிற தியரிச் சோதனை பாஸ் பண்ண வேண்டும். அந்தச் சோதனையோ இங்கிலிஷில். தவமலருக்குப் பாரிஸில் பழகிய பிரெஞ்சு வரும், இங்கிலிஷ் கடைக்கணக்குக்கு மட்டும்தான் வரும். அதனால் ஸ்ட்ரெதமில் சனிக்கிழமைகளில் நடக்கிற வகுப்புக்கு இரண்டு பேருமாகப் போக முடிவெடுத்தார்கள். தவமலர் படிக்க, நவரத்தினம் பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்க.

வகுப்புத் தொடங்க இருந்த அந்தக் கிழமை ஒரு வினை நடந்தது. ரோல்ஸ் வாங்குகிற கடைக்கார வாமதேவன் ரெலிபோனில் வேறு ஏதோ கதைக்கும்போது சிரித்துச் சிரித்து ஒரு செய்தியைச் சொன்னார். தவமலர் அக்கா ஒரு சந்தியில் வான்காரனோடு 'நீங்கள் போங்கோ, நீங்கள் போங்கோ' என்று நின்று முழு ரோட்டையுமே மறித்துப்போட்டாவாம். வாமதேவனுக்கு அது பகிடி. நவரத்தினத்துக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. மூன்று நாட்டு லைற் பாஷை தெரிந்தவருடைய பெண்சாதி ஸ்ட்ரெதம் ரோட்டில் பகிடிப் பொருளாகி நிற்கிறாளே என்று மனுசனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அன்று பின்னேரம் குசினி மேசையில் உப்புப் போத்தலை வான் என்றும், தேயிலைப் பேணியை மொபெட் என்றும் வைத்துப் பாடம் நடத்தினார். உப்புப் போத்தல் நின்று லைற் அடிக்கிறது. தேயிலைப் பேணி என்ன செய்ய வேண்டும்? தவமலர் மாக்கையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைற் அடிச்சாப் போம். யோசிக்காதையும். நீர் இன்னும் கொடிகாமத்திலேயே நிக்கிறீர்."

தவமலர் ஓம் என்றார். அது போதாதென்று நவரத்தினம் திருப்பிச் சொல்லச் சொன்னார். லைற் அடித்தால் போக வேண்டும் என்று தவமலர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சொல்லிவிட்டு, ரோல்ஸுக்கு மா பிசையப் போனார்.

சனிக்கிழமை வந்தது. தவமலர் கடைகளுக்கு எல்லாம் போட்டுவிட்டு அப்படியே மொபெட்டில் வகுப்புக்கு வந்து சேருவதென்று பேச்சு. நவரத்தினம் முன்கூட்டியே பஸ் ஏறிப் போய் இரண்டு கதிரை பிடித்தார். ஸ்ட்ரெதம் பெரிய ரோட்டிலிருந்து வலப்பக்கம் பிரிகிற ஒரு சின்னத் தெருவில், மேல்மாடி அறை. படிப்பிக்கிற பெண்ணின் பெயர் மரினா. தாய் தகப்பன் மன்னார், பிறந்தது இங்கே குறொய்டனில். வகுப்புக்கு இங்கிலிஷ், நவரத்தினத்துக்கு மட்டும் இடைக்கிடை உடைந்த தமிழ். அன்ரி வரட்டும் அங்கிள், மெல்லமாத் தொடங்குறன் என்று சொல்லிவிட்டு ரோட்டு அடையாளங்களில் தொடங்கினாள். நவரத்தினம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். இதெல்லாம் எனக்குத் தெரியாததா என்கிற தலையாட்டல்.

பிறகு மரினா திரையில் ஒரு படம் போட்டாள். சோதனையில் இப்படித்தான் ஓடுகிற படங்களைக் காட்டி, ஆபத்து எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வார்களாம். நவரத்தினத்துக்குத் திரை முழுவதும் தெரியவில்லை, நடுவில் ஒரு துண்டுதான் தெரிந்தது. ஒரு மொபெட் வலப்பக்கம் திரும்பக் காத்து நிற்கிறது. எதிரே நெரிசலில் ஒரு வெள்ளை வான். வான் நிற்கிறது, லைற் அடிக்கிறது.

மொபெட் போகலாமா என்று மரினா கேட்டாள். நவரத்தினம் கையை உயர்த்தினார். போகலாம், அவன் வழி விடுகிறான் என்று பெரிய குரலில் சொன்னார்.

மரினா படத்தை ஓடவிட்டாள். மொபெட் திரும்பியது. வானுக்கு அப்பால், பஸ் ஓடுகிற கரையில் ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது. நவரத்தினத்துக்கு அது தெரியவேயில்லை. பிரேக் கிரீச்சிட்ட சத்தமும், வகுப்பில் இருந்தவர்கள் ஒன்றாக மூச்சை இழுத்த சத்தமும்தான் கேட்டன.

மரினா அவர் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள். "லைற் அடிச்சா நான் இங்க நிக்கிறன் எண்டு மட்டும்தான் அங்கிள் அர்த்தம். போ எண்டு இல்ல. அவர் வேற ஆருக்கும் அடிச்சிருக்கலாம். அதை நம்பிப் போனாத்தான் கனபேர் அடிபடுறது."

இதுதான் சட்டப் புத்தகத்தில் இருப்பது என்றாள். ரோட்டில் எல்லாரும் செய்வது வேறு, புத்தகம் சொல்வது வேறு, சோதனையில் புத்தகத்தைத்தான் கேட்பார்கள் என்றும் சொன்னாள். நவரத்தினத்துக்கு அதற்குப் பிறகு ஒன்றும் காதில் ஏறவில்லை. பக்கத்துக் கதிரையைத் தடவிப் பார்த்தார். வெறுங்கதிரை. தவமலர் வந்திருக்க வேண்டிய நேரம் கடந்துவிட்டது.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த வகுப்புக்கு வருவதற்குத் தவமலரும் பெரிய ரோட்டிலிருந்து வலப்பக்கம் திரும்ப வேண்டும். எதிரே சனிக்கிழமை நெரிசல். நெரிசலுக்கு அப்பால் பஸ் கரை. நெரிசலில் நிற்கிற எவனாவது லைற் அடிப்பான். அடித்தால் போம், யோசிக்காதையும் என்று சொல்லிக் கொடுத்து, திருப்பிச் சொல்லவும் வைத்து அனுப்பியிருக்கிறது யார்? ஐயோ, நான் என்ன வேலை பார்த்திருக்கிறேன்! ஊரில் எத்தனை பஸ்காரன் லைற் அடித்தும் சாகாமல் தப்பி வந்தவளை, நானே குசினி மேசையில் வைத்துச் சாகப் பழக்கினேனா?

வெளியே போய் ரெலிபோன் அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓடும்போது எடுக்க மாட்டாள், அது நல்ல பழக்கம்தானே என்று தன்னைச் சமாதானப்படுத்தினார். திரும்ப அடித்தார். திரும்பவும் எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பெரிய ரோட்டுப் பக்கம் அம்புலன்ஸ் சத்தம் கேட்டது. லண்டனில் அம்புலன்ஸ் சத்தம் கேட்காத நாள் உண்டா? ஆனால் வழக்கமாக அது கடந்து போகும். இது கடந்து போகவில்லை. தெரு முனையில் வந்து அடங்கியது.

நவரத்தினம் படியிறங்கின வேகத்தில் இரண்டு படி தவறிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நடைபாதையில் ஒரு தூணில் தோள் இடித்தது. யாரோ ஒருத்தி திட்டினாள். கோட்டுப் பைக்குள் கையைவிட்டு அந்தத் தடியை எடுத்து விரித்தார். ஊர் பார்த்தால் பார்க்கட்டும். தடியை முன்னால் தட்டிக்கொண்டு, பிள்ளையாரே, பிள்ளையாரே என்று முணுமுணுத்தபடி முனைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

முனையில் சனம் கூடி நின்றது. தடியைக் கண்டதும் வழி விட்டார்கள். அவருடைய பார்வைக்கு எல்லாம் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. நீல வெளிச்சம். வளைந்துபோன ஒரு சில்லு. கரையில் எல் தகடு பூட்டிய மொபெட்டின் பின்பக்கம், பெட்டி திறந்தபடி. ரோட்டில் யாரோ படுத்திருக்க, பச்சை உடுப்புப் போட்ட அம்புலன்ஸ்காரர்கள் குனிந்திருந்தார்கள். படுத்திருந்த ஆளின் தலைக்குக் கீழே நீலக் கட்டம் போட்ட துணி ஒன்று மடித்து வைத்திருந்தது. அந்தத் துணியில் இரத்தம்.

அந்தத் துணியை அவருக்குத் தெரியும். ரோல்ஸ் சூடு ஆறாமல் இருக்க ஒவ்வொரு நாளும் தவமலர் தட்டுக்கு மேல் மூடிக் கட்டுகிற துணி. நேற்று அதைக் கொடியில் காயப்போட்டது நவரத்தினம்தான். அவ்வளவுதான். அழுதாரா கத்தினாரா என்று அவருக்கே பிறகு நினைவில்லை.

"இஞ்சேருங்கோ."

குரல் பக்கத்திலிருந்து வந்தது. அவருடைய கண்ணுக்கு எட்டாத பக்கத்திலிருந்து. திரும்பினார். நடைபாதை ஓரத்தில், ஒரு கடையின் மூடிய கதவில் சாய்ந்து, தலையில் ஹெல்மெட்டோடு தவமலர் உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட் பட்டியைப் பல தரம் இழுத்தும் கழற்ற முடியவில்லை. நவரத்தினம் தடியைப் போட்டுவிட்டு நிலத்தில் குந்தி, முகம், தோள், கை, முழங்கால் என்று தடவித் தடவிப் பார்த்தார். தவமலர் முழுதாக இருந்தார். ஒரு கீறல் கூட இல்லை.

நடந்ததைத் தவமலர் மெல்ல மெல்லச் சொன்னார். திரும்பக் காத்து நின்றாராம். எதிரே நின்ற வான் லைற் அடித்ததாம். இவர் போகவில்லை. பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்தானாம். அதற்கும் இவர் அசையாததால், அவன் பொறுமை கெட்டு இவரை வலப்பக்கமாக விலத்திக்கொண்டு பாய்ந்து திரும்பினானாம். வானுக்கு அப்பால் பஸ் கரையில் வந்த சைக்கிள்காரப் பெண் நேரே காரில் அடிபட்டுப் போனாள். தவமலர் மொபெட்டைக் கரையில் விட்டுவிட்டு, பெட்டிக்குள் இருந்த துணியை எடுத்து அவளுடைய தலைக்கு வைத்து, அம்புலன்ஸ் வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சிலும் தமிழிலும் மாறி மாறிக் கதைத்துக்கொண்டிருந்தாராம். இங்கிலிஷ் ஒரு சொல்லும் வாயில் வரவில்லையாம்.

அந்தப் பெண்ணுக்கு உயிருக்கு ஒன்றுமில்லை, தலையில் வெட்டு, காலும் தோள் எலும்பும் முறிந்திருக்கிறது என்று பச்சை உடுப்புக்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். பொலிஸ்காரி ஒருத்தி வந்து தவமலர் கண்டதை எழுதிக்கொண்டாள். நவரத்தினம்தான் மொழிபெயர்த்தார். 'லைற் அடித்தான், ஆனால் நான் போகவில்லை' என்கிற வசனத்தை இங்கிலிஷில் அவர் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

பொலிஸ்காரி போனபின் அவர் கேட்டார். கேட்காமல் இருக்க முடியவில்லை. "நான் போகச் சொல்லித்தானே தந்தனான். ஏன் போகேல்லை?"

தவமலர் தன் வலக்கையைத் தூக்கிப் பார்த்தபடி சொன்னார். "நீங்கள் சொன்னது நினைவு வந்ததுதான். அக்சிலேற்றரைக் கொஞ்சம் முறுக்கியும் போட்டன். மொபெட் ஒரு முழம் முன்னுக்கும் போட்டுது. பிறகு பயம் வந்திட்டுது. காலை ஊண்டிட்டன்."

ஒரு முழம். நவரத்தினம் அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். அவருடைய சொல்லுக்கும் சாவுக்கும் நடுவில் நின்றது, இவ்வளவு காலமும் அவர் பகிடி பண்ணிய அந்தப் பயம் மட்டும்தான். என்னை மன்னித்துக்கொள்ளும் என்று சொல்ல நினைத்தார். அதற்குப் பதிலாக ஹெல்மெட் பட்டியைத் தேடிப் பிடித்துக் கழற்றிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஹரோவில் இருக்கிற மகள் கோசிகா ரெலிபோனில், அம்மா இனி மொபெட்டைத் தொடவே வேண்டாம் என்று அழுதாள். நவரத்தினத்துக்கும் அதேதான் மனதில். ஆனால் தவமலர் தியரிப் புத்தகத்தை எடுத்து வந்து அவருக்கு முன்னால் வைத்தார். அவர் ரெலிபோனால் எழுத்தைப் பெருப்பித்து வாசித்து, தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். எதிரே வருகிற வாகனம் லைற் அடித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி வந்தது. அவர் விடைகளை வாசிப்பதற்குள், நிற்பேன், எல்லாப் பக்கமும் பார்ப்பேன் என்றார் தவமலர். நவரத்தினம் தலையை நிமிர்த்தாமல் அடுத்த கேள்விக்குப் போனார்.

திங்கட்கிழமை விடியப் பார்க்கும்போது குசினியில் எண்ணெய் கொதிக்கிற சத்தம் கேட்டது. தவமலர் ரோல்ஸ் பொரித்து, தட்டுகளில் அடுக்கி, புதுத் துணி ஒன்றால் மூடிக் கட்டினார். மொபெட்டைத் தானே உருட்டி கேற்றடிக்குக் கொண்டு வந்தார். நவரத்தினம் பின்னாலேயே வந்தார். பெட்டிப் பூட்டைத் தடவிப் பார்த்தார், பிறகு இன்னொருமுறை தடவிப் பார்த்தார். மொபெட் தெரு முனையில் மறைந்த பிறகு திரும்பி வரும்வரை இனி ஒவ்வொரு நாளும் தனக்குப் பயம்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

தவமலர் ஹெல்மெட்டைப் போட்டு, எஞ்சினைத் தட்டினார். வழக்கமான வசனத்துக்காக ஒரு கணம் நின்றார். நவரத்தினம் ஹெல்மெட் பட்டியை இழுத்துச் சரிபார்த்தார்.

"பயந்து பயந்தே போட்டு வாரும்," என்றார்.